முன்னால் ரஸ்ஸல், பின்னால் ரஸ்ஸல்

கிழக்கு நோக்கிப் பயணம் போன ஒரு மனிதனுக்கு இரண்டு நிழல்கள் இருந்தன. காலை நிழல் அவனுக்குப் பின்னால் நடந்தது. மாலை நிழல் முன்னால் நடந்தது. "இவனை முதலில் அறிந்தவன் நான்" என்றது பின்னது. "வழிகாட்டுகிறவன் நான், நீ வெறும் வால்" என்றது முன்னது. வழக்கு முற்றியது. மனிதனுக்கோ பசி. அவன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான். நிழல்கள் இரண்டையும் காணவில்லை.

தென்கண்டத்து யாரபின் என்ற ஊரின் கிரிக்கெட் மைதானத்தில், கோடை உச்சத்தில் வரும் ஜனவரி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமையன்று, இந்தக் கதையை யாராவது ஒருவர் சொல்லி முடித்த பிறகுதான் நாணயம் சுண்டுவார்கள். அன்று மோதும் இரண்டு அணிகளிலும் ரஸ்ஸலைத் தவிர வேறு பெயருக்கு இடமில்லை. குடும்பப் பெயராக அதைப் பின்னால் வைத்திருப்பவர்கள் ஓர் அணி. தாய் தகப்பன் வைத்த பெயராக அதை முன்னால் வைத்திருப்பவர்கள் மற்றோர் அணி. ஊரார் அவர்களைப் பின்னவர், முன்னவர் என்பார்கள். வென்றவருக்குப் பரிசு, ஆட்டிடையர்கள் ஒரு காலத்தில் தேநீர் காய்ச்சிய கரி பிடித்த தகரக் கெட்டில். அதன் மூக்கு என்றோ நசுங்கிவிட்டது. ஆனாலும் அதற்காக மனிதர்கள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பந்தின்மேல் விழுவார்கள்.

எண்பத்தேழாம் ஆண்டின் அந்தச் சனிக்கிழமை காலை, முன்னவர்களின் தலைவர் ரஸ்ஸல் டீக் தம் பெட்ரோல் நிலையத்துத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி சுவரில் சாய்ந்துவிட்டார்.

"என்னது? பொன்னுக்கு வீங்கியா? யோவ் பிம், உனக்கு அறுபது வயசாகப் போகுதுய்யா!"

"பேரப்பய கிட்டேருந்து ஒட்டிக்கிச்சுப்பா" என்றது மறுமுனையில் ஒரு வீங்கிய குரல். "மூஞ்சி பூசணிக்கா மாதிரி இருக்கு. வந்தா உங்க எல்லாருக்கும் குடுத்துட்டுத்தான் போவேன்."

டீக் தொலைபேசியை வைத்தார். ரஸ்ஸல் பிம் பதினோராவது ஆள். பன்னிரண்டாவது ஆள் என்று ஒருவர் இல்லை. ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு ரஸ்ஸல் பிறந்தான். இப்போது பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை யாரும் வைப்பதில்லை. விதியோ தெளிவானது. இரு தரப்புத் தகப்பன்மாரும் கைகுலுக்கி ஒப்புக்கொண்டது: நாணயம் சுண்டும் நேரத்தில் எந்த அணிக்குப் பதினோரு பேர் நிற்கவில்லையோ, அந்த அணியோடு பந்தயம் முடிந்தது. கெட்டில் நிரந்தரமாக எதிரணியின் அடுப்பங்கரை மாடத்துக்குப் போய்விடும். பின்னவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. அவர்கள் ஆட்டுக்குட்டிகளைப் போலப் பெருகிக்கொண்டிருந்தார்கள்.

டீக்கின் தகப்பனார் தொடங்கிய பந்தயம் அது. அது தம் தலைமையில் முடிவதை டீக்கால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆண்டு முழுவதும் மற்றவர்கள் வண்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும் மனிதருக்கு, ஆண்டில் ஒரு நாள்தான் ஊர் முழுவதும் கைதட்டுகிறது.

மைதானத்தில் வெயில் காய்ந்தது. இளஞ்சிவப்புக் கிளிகள் வேலியில் வரிசையாக உட்கார்ந்து கத்தின. பின்னவர்களின் தலைவர் கிளைவ் ரஸ்ஸல், ஆடுகளை ஏலம் விடுகிற தொண்டையோடு வரவேற்றார்.

"வாப்பா டீக்! பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்திருக்கியாமே. பாக்கி ஒருத்தனை டிக்கியில வச்சிருக்கியா?"

"கொஞ்சம் பொறு. வந்துருவான்."

"எங்கேருந்து? உன் பேருக்கு ஆளு இருந்தாத்தானே வர்றதுக்கு? எண்ணூறு வருசமா இந்தப் பேரை முதுகுல சுமந்தவங்க நாங்க. உங்கப்பன் எங்க வீட்டுப் பேர்ப் பலகையைப் பாத்து, நல்லாயிருக்கேன்னு எடுத்து உனக்கு வச்சுட்டாரு."

எந்தத் துக்கத்திலும் டீக்கால் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

"மூல ஆளை நினைச்சுப் பாருடா. நார்மண்டியில ஒரு செம்பட்டைத் தலையன். பிரெஞ்சுல ஊரே அவனை ரூசெல், ரூசெல்னு கூப்பிட்டுச்சு, சின்னச் செம்பட்டையான்னு. அது அவனோட சொந்தப் பேரு. அப்போ அவன் எங்க ஆளு! கடல் தாண்டி இங்கிலாந்து போயி அவன் பெத்ததுங்கதான் நீங்க. உழைக்காம அப்பன் பேரை வாங்கிக்கிட்டவங்க."

"செம்பட்டைக்கு வாரிசாம்! உங்க பத்துப் பேர்ல ஒருத்தன் தலையில ஒரு செம்பட்டை முடியைக் காட்டு பாப்போம்."

"உங்க ஆளுங்க தலையில முதல்ல முடியைக் காட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உண்மையில் அந்த மைதானத்தில் இருந்த ஒரே செம்பட்டைத் தலை, வெள்ளைக் கோட்டு அணிந்து விக்கெட் குச்சிகளை நட்டுக்கொண்டிருந்த அம்பயருடையது. அவரும் நரைக்கத் தொடங்கிவிட்டார். புருவம் மட்டும் இன்னும் செங்கல் நிறத்தில் இருந்தது. அவரை எல்லோரும் ப்ளூயி ஹானஃபோர்டு என்பார்கள். செம்பட்டை முடிக்காரனைக் கண்டால் நீலம் என்ற பொருளில் 'ப்ளூயி' என்று கூப்பிடுவது அந்த நாட்டுக் குறும்பு. கம்பளி கத்தரிக்கும் வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர். கிளைவின் அக்காள் தெல்மாவைத் தம் ஊருக்கே அழைத்துப்போய்த் திருமணம் செய்துகொண்டு, திரும்பி வந்த வருடம் முதல் இந்தப் பந்தயத்துக்கு அம்பயராக நிற்கிறார். அதிகம் பேசமாட்டார். அவர் விரல் பேசும்.

தெல்மா மரத்தடி மேசையில் ஸ்கோர் பலகைக்கு எண்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே, தேங்காய்த் துருவலில் புரட்டிய சாக்லேட் கேக்குகளின் மேல் ஈ வராமல் ஒரு துணி. மணமாகும்வரை அவள்தான் பின்னவர்களின் முதல் பந்து வீச்சாளர். அவள் பந்துக்குப் பயந்து டீக்கே ஒருமுறை தொடையில் திண்டு கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். ஹானஃபோர்டு ஆன அன்று அவள் பெயரும் போயிற்று. பெயரோடு பந்தும் போயிற்று.

கிளைவ் கதையைச் சொல்லத் தொடங்கினார். கிழக்கே போன மனிதன், பின் நிழல், முன் நிழல். டீக்குக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு வண்டியும் வரவில்லை. மனிதன் ரொட்டியைப் பிரித்தான். கதை முடிந்தது.

"சரி டீக், எண்ணிடலாமா?" கிளைவின் குரலில் இப்போது ஏலத்தின் முறுக்கு இல்லை. ஆனாலும் விதி விதிதானே. "ரெண்டு வருசமாவே உங்க அணி தள்ளாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. விதியைப் போட்டவர் எங்கப்பா. நான் மாத்த முடியாது."

"மாத்தச் சொல்லலை" என்றார் டீக். "எடுத்துக்கோ. மூக்கைப் பாத்துப் பிடி, கழண்டுரும்."

கிளைவ் மேசையிலிருந்த கெட்டிலைக் கையில் எடுத்தார். யாரும் கைதட்டவில்லை. பின்னவர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஜனவரியில் இந்த நாளில் என்ன செய்வது என்ற கேள்வி ஒவ்வொரு முகத்திலும் வந்து உட்கார்ந்தது.

"கீழ வைடா அதை" என்றாள் தெல்மா.

"அக்கா, விதி..."

"விதி எனக்கும் தெரியும். வை." அவள் எண் பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து, குச்சிகளின் அருகே நின்ற கணவனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க! அந்தக் கோட்டைக் கழட்டுங்க."

ப்ளூயி திரும்பிப் பார்த்தார். "நிச்சயமாவா?"

"கழட்டுங்கன்னா."

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தெல்மா டீக்கின் பக்கம் திரும்பினாள். "உன் பதினோராவது ஆளு இவருதான். ரஸ்ஸல் ஹானஃபோர்டு. எங்க மாமியார் வச்ச பேரு. நான் மோதிரம் மாத்துனப்ப பாதிரியாரு சொன்ன பேரு."

"மச்சான்!" கிளைவ் அலறினார். "முப்பது வருசமா எங்க வீட்டுல சாப்பிடறீங்க. ரஸ்ஸல்னு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"யாரும் கேக்கலையே" என்றார் ப்ளூயி.

"உங்க பேங்க் செக்குல ஆர்னு போட்டிருக்குமே! ரொனால்டுன்னுல்ல நான் நினைச்சேன்."

"சில பேரு ரெஜினால்டுன்னு நினைச்சிருக்காங்க. நான் வேண்டாம்னு சொல்றதில்லை."

டீக்குக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "தெல்மா, நீ... முப்பது வருசமா ஆளை ஒளிச்சு வச்சிருந்தியா?"

"ஆமா, ஒளிச்சேன்!" அவள் இடுப்பில் கைவைத்தாள். "கல்யாணம் பண்ணின குத்தத்துக்கு நான் பந்தைக் கீழ வச்சுட்டு கேக்குக்கு ஈ ஓட்டணும். இவரு ஜம்முனு உள்ள போயி எங்க தம்பிங்க பந்தை அடிக்கணுமா? அதான் வந்த அன்னிக்கே கோட்டை மாட்டி விட்டேன். ஆனா அதுக்காக ஆட்டமே போயிடணும்னு நான் நினைக்கலை." பிறகு தம்பியைப் பார்த்தாள். "இப்பதானே கதை சொன்னே? முன்னால போறவன் இல்லன்னா உனக்கு எதுக்குடா பின்னவன்னு பேரு?"

கிளைவ் கெட்டிலை மேசையில் வைத்தார். மெதுவாக, ஒரு முட்டையை வைப்பதுபோல.

"அப்ப அம்பயருக்கு எங்கே போறது?"

தெல்மா கணவனின் கையிலிருந்த கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, அதன் நீளக் கையை மடித்துவிட்டபடி ஆடுகளத்தை நோக்கி நடந்தாள்.

பின்னவர்கள் முதலில் ஆடிக் கணிசமாகவே எடுத்தார்கள். முன்னவர்கள் பதிலுக்குத் தட்டுத் தடுமாறினார்கள். வெயில் சாய்ந்தபோது ஒன்பது விக்கெட்டுகள் போயிருந்தன, எண்ணிக்கை சமம். வெல்ல இன்னும் ஒரே ஒரு ரன். விக்கெட் விழுந்தால் ஆட்டம் சமன். சமனானால் கெட்டில் சென்ற ஆண்டு வென்ற கிளைவிடமே இருக்கும். ஒரு முனையில் வியர்வையில் நனைந்த டீக். மறுமுனைக்கு மட்டையைக் குடையைப்போலக் கையில் தொங்கவிட்டபடி ப்ளூயி வந்து சேர்ந்தார்.

"ப்ளூயி, என்ன வேணாப் பண்ணு, ஓடுன்னு சொன்னா மட்டும் ஓடு" என்று கெஞ்சினார் டீக்.

"சரி."

பந்து வீசியவர் கிளைவ். பந்து குத்தி உள்ளே திரும்பியது. ப்ளூயி மட்டையைச் சுழற்றினார். மட்டை காற்றைத்தான் தொட்டது. பந்து அவர் காலில் கட்டியிருந்த திண்டில் பொத்தென்று பட்டுப் பக்கவாட்டில் உருண்டது. பதினொரு தொண்டைகளும் ஒன்றாக எழும்பின. "அம்பயர்!"

முப்பது ஆண்டுப் பழக்கம் சாமானியமானதல்ல. அந்தக் கூச்சலைக் கேட்டதும் ப்ளூயி ஒரு கணம் கண்ணைச் சுருக்கிக் காலையும் குச்சியையும் அளந்தார். பிறகு மிகுந்த நிதானத்தோடு, தம் வலது கை ஆட்காட்டி விரலைத் தமக்கெதிராகத் தாமே தூக்கிவிட்டார்.

பின்னவர்கள் குதித்தார்கள். ஒருவன் தொப்பியை வானத்தில் எறிந்தான். மரத்தடியில் ஒரு குழந்தை பயந்து அழுதது.

"கையைக் கீழ போடுங்க!" என்று தெல்மா இட்ட சத்தம் எல்லாவற்றையும் அடக்கிற்று. "அது இப்ப உங்க வேலை இல்லை. கோட்டு யார் மேல இருக்கு?" அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பையில் நுழைத்துக்கொண்டாள். "பந்து குச்சிக்கு வெளியே போயிருக்கும். நாட் அவுட்."

"ஓடு!" என்று டீக் கத்தினார்.

ப்ளூயி ஓடினார். சொன்னால் ஓடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாரல்லவா? விரலைக் கீழே போட நேரமில்லை. ஒரு கையில் மட்டை, மறுகை விரல் வானத்தைக் காட்ட, செங்கல் நிறப் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏற, குச்சிகளைத் தாண்டியும் நிற்காமல் எல்லைக்கோடு வரை ஓடிப்போனார். பந்தை எடுக்க வேண்டியவர்கள் இன்னும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுமுனைக் கோட்டைத் தாண்டி அந்த ஒரு ரன்னை முடித்த டீக், அங்கேயே மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கிளைவ் இடுப்பில் கைவைத்து அக்காளிடம் வந்தார்.

"அக்கா, நீ எங்க வீட்டுல பொறந்தவ. கடைசியா ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நீ எந்தப் பக்கம்?"

"ஒரு பக்கமும் இல்லைடா. நடுவுல நிக்கிறேன்." தெல்மா குனிந்து ஒரு குச்சியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். வெகுநாள் கழித்து மைதானத்துப் புழுதி அவள் காலணியில் படிந்திருந்தது. அதை அவள் துடைக்கவில்லை. "இங்கேருந்து பாத்தா ஆட்டம் நல்லாத் தெரியுது. அடுத்த வருசமும் கோட்டு எனக்குத்தான். கேக்குக்கு ஈ ஓட்ட நீ வேற ஆளைப் பாத்துக்கோ."

டீக் கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். நசுங்கிய மூக்கு வழியே ஆவி கோணலாகப் புறப்பட்டது. எல்லைக்கோட்டிலிருந்து ப்ளூயி மெல்ல நடந்து திரும்பிக்கொண்டிருந்தார். சாயும் வெயிலில் அவர் நிழல் அவருக்கு முன்னால் நீளமாக வந்துகொண்டிருந்தது.

"ரஸ்ஸல்!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

இரண்டு அணியும் திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் பார்க்கவில்லை. "ப்ளூயி!" என்று தெல்மா கூப்பிட்ட பிறகுதான் தலையைத் தூக்கினார்.