இடது பின்பக்கத்தில் ஒரு சத்தம்

பொய் சொல்லி அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனாலும் அந்த மூன்று வாரத்தில் அவள் சொன்ன பொய்களால் ஒரு கார் முழுக்கக் காலியானது.

ஒரு மருத்துவமனையில், காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துவது அவள் வேலை. ஒருநாள் காதடைப்பான் செய்துகொள்ள ஒரு பெண் வந்தாள். ஊருக்கு வெளியே இருக்கிற பந்தயத் தடத்தில் கொடி காட்டுகிறவள். இரண்டு காதிலும் அச்சுப் பசையை நிரப்பிவிட்டு அது இறுகும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. காது அடைத்திருந்ததால் மாடி வரை கேட்கும்படி பேசினாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை புதியவர்களுக்காகத் தடத்தைத் திறந்துவிடுகிறார்களாம். பந்தயம் கிடையாது, பரிசும் கிடையாது. வீட்டுக் காரையே கொண்டுவரலாம். சிவப்பு விளக்கு இல்லை, வேகத்தடை இல்லை, எதிரே ஒரு வண்டியும் வராது.

எதிரே வண்டி வராது என்ற இடத்தில்தான் அவள் விழுந்தாள். அன்று சாயங்காலமே பெயர் கொடுத்துவிட்டாள்.

கணவரிடம் சொல்லத்தான் வாய் எழவில்லை. அவர் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துச் சேதத்தை மதிப்பிடுகிறவர். இருபத்திரண்டு வருடமாக நசுங்கிய கார்களின் படங்களையே பார்த்து வந்ததால், ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் கார்கூட அவர் கண்ணுக்கு இன்னும் நசுங்காத கார் என்றுதான் படும். அன்றன்றைக்கு வந்த விபத்தைச் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர்களுடைய சாம்பல் நிறக் காரை வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. அதன்மேல் ஒரு கீறல் கிடையாது. அந்தக் காரைத் தடத்தில் ஓட்டப்போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே கணவரின் தம்பியைப் பிடித்தாள். வயது நாற்பதை எட்டப் போகிறது, தலையில் பாதி முடி போய்விட்டது, இருந்தாலும் வீட்டில் அவன் பெயர் சின்னவன்தான். சொந்தமாக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். கைச் சுத்தமான வேலைக்காரன், வாய்தான் ஓட்டை. அண்ணன் காதில் விழக்கூடாது என்று அவள் மூன்று முறை சொன்னாள். நான் எப்போது உளறியிருக்கிறேன் என்று அவன் கேட்டான். அவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்ததும் போதும் அண்ணி என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

தடத்துக்காரர்கள் இரண்டு பக்கத்தில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். காருக்குள் ஆடுகிற, உருளுகிற, பறக்கிற எதுவும் இருக்கக்கூடாது என்பது முதல் வரி. அந்த ஒரு வரியே அவளுக்குப் பதினைந்து நாள் வேலை வைத்தது. கணவர் காரைக் கார் போலவா வைத்திருந்தார்? டிக்கியில் இரண்டு குடை, ஒரு கம்பளி, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன், முதலுதவிப் பெட்டி, கயிறு, ஒளிரும் மேல்சட்டை, எச்சரிக்கை முக்கோணம் மூன்று. ஒன்று உடைந்தால் இன்னொன்று. அதுவும் உடைந்தால் மற்றொன்று.

மருத்துவமனையின் பழைய பெட்டிகளைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று சொல்லி டிக்கியைக் காலி செய்தாள். ஈர வாடை அடிக்கிறது என்று கால்மிதிகளைக் கழுவப் போட்டாள். அவை கொடியில் காய்ந்துகொண்டே இருந்தன. ஸ்டீயரிங்கில் அவர் மாட்டியிருந்த உறை கை நழுவும் என்பதால், உள்ளங்கை அரிக்கிறது என்று அதையும் கழற்றினாள். அதை நம்பவைக்க இரண்டு நாள் சொறிந்துகொண்டே திரிய வேண்டியிருந்தது. கழற்றியதையெல்லாம் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது முப்பத்தொரு கிலோ காட்டியது. இத்தனை நாள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைச் சும்மா ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கணவர் எதற்கும் ஏன் என்று கேட்கவில்லை. வாசலில் கைகட்டி நின்று, ஒவ்வொரு பொருளும் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாரம் கார் சின்னவனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. பிரேக் ஆயிலைத் திறந்து பார்த்தால் கறுப்பாக இருந்தது. வேகத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் இந்த ஆயில் கொதித்துவிடும், அப்புறம் மிதி தரை வரை போகும், கார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று அவன் விளக்கினான். அவள் இருக்கையில் உட்கார, அவன் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டான்.

"அமுக்குங்க அண்ணி. அப்படியே பிடிங்க. விடச் சொன்னாத்தான் விடணும்."

நாலு சக்கரத்துக்கும் இதே பாட்டுதான். அமுக்கி, பிடித்து, விட்டு, பழைய ஆயில் குமிழியோடு குழாய் வழியே வடிந்து, புதியது தெளிவாக வரும்வரை அவளுடைய வலது கால் மரத்தே போய்விட்டது. பிறகு தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றினான். புதுக் கட்டை பழக வேண்டும் என்று ஆளில்லாத தொழிற்சாலைச் சாலைக்குக் கூட்டிப்போனான். அறுபதில் போய் அழுத்திப் பிடிப்பது, நிற்பதற்குள் விட்டு மறுபடியும் அறுபது. ஏழாவது தடவையில் கணவரிடமிருந்து போன். ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தாள். என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்றார். அவசரத்துக்குப் பொய் அகப்படாமல், பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். நல்லது, அப்படித்தான் ஓட்ட வேண்டும் என்று அவர் வைத்துவிட்டார்.

தடத்தில் சத்தத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது. அது அவள் தொழில். மருத்துவமனையிலிருந்து சத்தமானியைக் கொண்டுவந்து, சின்னவனை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி அளந்தாள். வரம்புக்கு எவ்வளவோ கீழே இருந்தது. உங்கள் கார் பெருமூச்சுதான் விடுகிறது என்றான் சின்னவன்.

அந்த வாரத்திலிருந்து கணவர் ஆள் மாறிப்போனார். சாப்பிடும்போது விபத்துக் கதை நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்ததும் நேராகப் போய் நிறுத்தியிருக்கும் காருக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவளுக்கு மனசு உறுத்தியது. சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை அருகே போய், நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போடவா என்று கேட்டுத் திரும்பினாள்.

வியாழக்கிழமை, இன்னும் இரண்டே நாள் இருக்கும்போது, காரில் சத்தம் வந்தது.

இடது பின்பக்கத்தில், வளைவில் திரும்பினால் மட்டும். கலகலவென்று, யாரோ வாய்க்குள் பல்லை உருட்டுவது போல. சத்தத்தைக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவளின் காரில் சத்தம். அவளுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. சின்னவன் காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை ஆட்டி, ஸ்பிரிங்கைத் தட்டி, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிப் பார்த்தான். ஒன்றும் சிக்கவில்லை. இந்தச் சத்தத்தோடு போனால் தடத்தில் பரிசோதிக்கிறவர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்றான்.

கடைசியில் பின் இருக்கையை மடித்துப்போட்டு, அவளே டிக்கியில் சுருண்டு படுத்தாள். ஒர்க்‌ஷாப் முற்றத்தை நடக்கிற வேகத்தில் சுற்றச் சொன்னாள். முதல் சுற்றில் சத்தம் இரும்பில்லை என்று தெரிந்தது. இரண்டாவதில் அது மூடிய பாத்திரத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்தது. மூன்றாவது சுற்றில், பக்கவாட்டுப் பலகைக்குப் பின்னால் கையை நுழைத்து இழுத்தாள். துணி சுற்றிய ஒரு பிளாஸ்டிக் குப்பி வந்தது.

சத்து மாத்திரைக் குப்பி. காலையில் ஒன்று என்று கணவரின் கையெழுத்தில் ஒட்டுச்சீட்டு. உள்ளே சட்டைப் பொத்தான்கள். புதுச் சட்டை வாங்கும்போது கூட வரும் உபரிப் பொத்தானை ஒருநாளும் தூக்கிப் போடாத மனிதர் ஊரில் ஒருவர்தான்.

அவள் குப்பியைச் சின்னவன் முகத்துக்கு நேரே நீட்டி, அண்ணனிடம் என்ன உளறினாய் என்றாள். அவன் நெற்றியைத் தேய்த்தான். போன வாரம் அண்ணன் வந்து, சர்வீஸுக்கு இன்னும் நாள் இருக்கிறதே, இப்போது எதற்கு பிரேக் வேலை என்று குடைந்தாராம். தடத்தைப் பற்றி மூச்சுகூட விடவில்லையாம்.

"பார்க்க வர்றவங்களுக்கு நல்லா இருக்கணும்லண்ணேன்னு மட்டும்தான் அண்ணி சொன்னேன்."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில், உப்புக்கும் மிளகுக்கும் நடுவில் அந்தக் குப்பியை வைத்தாள். பரிமாறினாள். அவர் உப்புக்குக் கை நீட்டியபோது பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஓட்டிப் பார்க்காம எவனும் வாங்க மாட்டான்" என்றார் மெதுவாக. "சத்தம் கேட்டா வேண்டாம்னு போயிடுவான்னு நெனச்சேன்."

"யாருங்க வாங்க வர்றா?"

"நீ விக்கறது எனக்குத் தெரியும். மூணு வாரமா ஒவ்வொண்ணா எறக்கறியே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவர் குரல் உடைந்ததைப் பார்த்ததும் அவளுக்கு விளையாட்டுப் புத்தி போய்விட்டது. கொடி காட்டும் பெண், பட்டியல், பிரேக் கட்டை, டிக்கிக்குள் படுத்தது வரை ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். உள்ளங்கை அரிப்பும் பொய்யா என்று மட்டும் அவர் இடையில் கேட்டார். களிம்பு வாங்கி வைத்திருந்தாராம்.

எல்லாம் கேட்டு முடித்ததும் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவும் கையுமாக இரண்டு பக்கத்தையும் படித்தார். விற்கவில்லை என்ற நிம்மதியும், அதைவிட மோசமான ஒன்றைச் செய்யப்போகிறாள் என்ற கலக்கமும் அவர் முகத்தில் மாறிமாறி வந்தன. தடத்தில் ஓட்டினால் நம் பாலிசி செல்லாது, பதினேழாவது விதி என்றார். தெரியும் என்றாள். கொஞ்ச நேரம் பேனாவால் மேசையைத் தட்டினார்.

"சக்கர நட்டை யாரு இறுக்கினது?"

"உங்க தம்பிதான்."

"நாளைக்கு நான் ஒருதரம் பார்க்கறேன்."

சனிக்கிழமை காலை அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். ஓடும்போது உள்ளே ஏற மாட்டேன், வேலிக்கு வெளியேதான் நிற்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பரிசோதகர் காரை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்து ஒட்டுச்சீட்டை ஒட்டினார். இவ்வளவு துப்புரவான காரை இங்கே பார்த்ததில்லை என்றார். கணவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

முதல் ஓட்டத்தில் அவளை எல்லாரும் முந்தினார்கள். சுற்றுக்குச் சுற்று அந்தக் கொடிப் பெண் நீலக்கொடியை ஆட்டி, வழிவிடு வழிவிடு என்று அவளை ஓரங்கட்டிக்கொண்டே இருந்தாள். ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது. ஆனால் நாலாவது சுற்றில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. டயர் பேசுகிறது. மெல்ல முனகினால் இன்னும் போகலாம். கீச்சென்றால் போதும் என்று அர்த்தம். காதால் ஓட்டத் தொடங்கினாள். இரண்டாவது ஓட்டத்தில், நீண்ட நேர்சாலை முடியும் இடத்தில், ஒரு மஞ்சள் காரை முந்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரை, ஹாரன் அடிக்காமல், மன்னிப்புக் கேட்காமல் முந்தினாள்.

இறங்கி வேலியோரம் ஓடி வந்தால் கணவரைக் காணவில்லை. தேடியபோது, வண்டிகள் நிற்கும் கூடாரத்தில் ஒரு காரின் அடியிலிருந்து அவருடைய கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். ஒருவனுடைய சக்கர நட்டு தளர்ந்திருந்ததை அவர் தற்செயலாகப் பார்த்துச் சொல்லப்போக, எல்லாரும் எனக்கும் பாருங்கள் சார் என்று வரிசையில் நின்றுவிட்டார்களாம். மஞ்சள் காரை முந்தியதைச் சொன்னாள். எந்த மஞ்சள் கார், அதற்குப் பின் டயர் சரியில்லையே என்றார்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடைசி ஓட்டத்துக்கு வேலியருகே நின்று தன்னை மட்டும் பார்க்க வேண்டும், வேறு எவன் காருக்கடியிலும் நுழையக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்.

அவரும் நின்றார். அவள் அவர் நின்ற வளைவுக்கு வரும்போது, நன்றாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், வழக்கத்தைவிட ஒரு மூச்சு தாமதமாகப் பிரேக்கை மிதித்தாள். டயர் கீச்சென்றது. போதும் என்று அர்த்தம். அவள் கேட்கவில்லை. பின்பக்கம் முன்னால் வந்தது, வேலி, வானம், வேலி, கணவர், மறுபடி வேலி. கார் புல்லில் சறுக்கி, வந்த பாதையைப் பார்த்தபடி நின்று அணைந்தது. பின்னால் வருகிறவர்களை எச்சரித்து மஞ்சள்கொடி ஆடியது. எங்கும் எதுவும் படவில்லை. ஸ்டார்ட் செய்து, விதிப்படி மெதுவாகக் கூடாரத்துக்கு ஓட்டி வந்தாள். இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் நடந்து வந்தார். தொழில் பழக்கத்தில் காரை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். குனிந்து சக்கரத்திலிருந்து ஒரு கைப்பிடி புல்லைப் பிடுங்கினார். பிறகு அவள் பக்கத்துக் கதவருகே வந்து நின்றார்.

"எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எனக்குப் படம் வரும். இருபத்திரண்டு வருஷமா அதான். நடக்கறத இன்னைக்குத்தான் பார்த்தேன்."

"பயந்துட்டீங்களா?"

"பயந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "ஸ்டீயரிங்க எந்தப் பக்கம் திருப்பினே?"

"ரெண்டு பக்கமும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

திரும்பும்போதும் அவளேதான் ஓட்டினாள், நாற்பதில். கணவர் சின்னவனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். கார் ஒரு சுற்று சுற்றியது என்றார். சின்னவன் அந்தப் பக்கம் வாய் பிளந்திருக்க வேண்டும், உடனே இவருக்கு உற்சாகம் கூடியது. பெரிய பாலத்தைக் கடக்கும்போது அது இரண்டு சுற்று ஆனது. சென்டிமீட்டர் கணக்கில் சேதத்தை எழுதுகிற மனிதர், தெருமுனை வருவதற்குள் மூன்று சுற்று என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். அவள் திருத்தப் போகவில்லை. மூன்று என்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது.