நாற்றம் நின்ற காலை

அன்று காலை ஐந்தரை மணிக்குத் தொட்டி அறையில் இருந்தவர்கள்: நார்ப்பாத்திக்குத் தண்ணீர் விடும் அமலராணி, காற்றாடி மோட்டார் பார்க்கும் அல் அமீன், தோலில் மயிர் வழிக்கும் முனீஸ்வரி, எங்கே இறங்கச் சொன்னாலும் இறங்கும் நாச்சிமுத்து. முதலாளி பொன்னுச்சாமி வாசலில் நின்றார். அவர் உள்ளே வந்ததாகச் சொல்ல முடியாது.

திண்டுக்கல்லின் ஓரத்தில் இருந்த, தோல் பதனிடும் ஷாப்பு அது. வெளியே சுண்ணாம்புக் குழிகளில் பதினெட்டுப் பேர் ஊறிப் பெருத்த தோல்களைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தோல் ஓர் ஆள் கனம். சுண்ணாம்பு தின்ற விரல்கள் குளிரில் மடங்க மறுத்தன.

அமலராணியின் வேலை வேறு. கழிவுத் தொட்டியில் கிளம்பும் அழுகல் காற்றைக் காற்றாடி இழுத்து, தேங்காய் நாரும் மக்கிய எருவும் நிரப்பிய பாத்திக்கு அடியில் விடும். நாரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நாற்றத்தைத் தின்றுவிடும். ஷாப்பில் அதற்குப் பெயர் பூச்சி. பூச்சிக்கு ஈரம் காயக்கூடாது. தினமும் விடியலில் அவள் முழங்கை வரை நாருக்குள் கையை விடுவாள். வெதுவெதுப்பும் மழை நனைத்த மண் வாசமும் இருந்தால் பூச்சி பிழைத்திருக்கிறது.

இன்று நார் சில்லென்று கிடந்தது. கையில் பிளீச்சிங் பவுடர் வாடை.

ஊற்றியது அவள்தான். நாளைக்கு அதிகாரிகள் வருகிறார்கள், பாத்தியை நன்றாகக் கழுவிவிடு என்று நேற்றுச் சாயங்காலம் முதலாளி சொன்னார். சாக்கடையோ கக்கூசோ, பிளீச்சிங் போட்டால் சுத்தம். அவளுக்குத் தெரிந்தது அதுதான். ஆறு குடம் கரைத்து ஊற்றினாள். பூச்சி செத்தது. தின்ன ஆளில்லாத நாற்றம் தெருவுக்குப் போனது. விடியுமுன் தெரு ஜனம் கேட்டைத் தட்டிக் கத்தியதும் காற்றாடியை நிறுத்தச் சொன்னார் முதலாளி. அல் அமீன் நிறுத்தினான். அதற்குப் பிறகு நாற்றம் எங்கும் போகவில்லை. இந்த அறையில் நின்றது.

"ஏலே நாச்சி, பம்பு வாயில மயிர்க்கட்டி அடச்சிருக்கு. அஞ்சே நிமிசம். எடுத்துட்டு ஏறிரு" என்றார் பொன்னுச்சாமி.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டி, தொட்டிக்குள் இறங்கும் ஏணியில் கால் வைத்தான். "வரும்போது அழுகின முட்டையா நாறுச்சு. இப்ப வாடையே இல்லக்கா."

அமலராணி மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கண் மட்டும் எரிந்தது.

அல் அமீன் ஏணியை எட்டிப் பிடித்தான். "நாச்சிண்ணே, நில்லு. பாத்தி போட்ட இன்ஜினியர் சொன்னாரு. இந்த நாத்தம் திடீர்னு நின்னா நாத்தம் சாகல, நம்ம மூக்குதான் செத்துருச்சு. அடுத்தது நாமதானாம்."

"இன்ஜினியரா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாரு?" என்றார் பொன்னுச்சாமி.

"வாசல்லயே நின்னு பேசுறீகளே மொதலாளி. செத்த உள்ள வந்து மோந்து பாருங்க" என்று சிரித்தாள் முனீஸ்வரி. சொன்னவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "அக்கா, கொலுச நேத்துத்தான் சாம்பல் போட்டு வெளக்குனேன். எப்படிக் கறுத்துக் கெடக்கு பாரு."

வெள்ளி கரியாகியிருந்தது. அமலராணி அந்தக் கொலுசையே பார்த்தாள். வெள்ளியைக் கறுக்கவைத்தது நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும்? நாச்சிமுத்துவின் மச்சினன் வேறொரு ஷாப்பில் இப்படித்தான் இறங்கினான். மேலே வந்தது கயிற்றில் கட்டித்தான்.

"எறங்காத நாச்சி. பூச்சிய நாந்தான் கொன்னேன். அது தின்ன வேண்டியதெல்லாம் கீழதான் கெடக்கு."

நாச்சிமுத்து மூன்றாம் படியில் நின்றான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ரெண்டு பொம்பளப் பிள்ளைக்கா எனக்கு. வேல போயிட்டா?"

"எறங்காதவன் கேட்டுக்கு வெளிய" என்றார் பொன்னுச்சாமி. போனில் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினார். "நத்தத்துலருந்து ரெண்டு பேரு லோடு ஆட்டோவுல வாராங்க. அரை மணி நேரம். நீ இல்லன்னா இன்னொருத்தன்."

இன்னொருத்தன் என்ற அந்தச் சொல்தான் அமலராணியை நகர்த்தியது. பயம் போய்விடவில்லை. பயத்தோடேயே குனிந்து நாச்சிமுத்துவின் சட்டைக் காலரைப் பிடித்தாள். முனீஸ்வரி தோளைப் பிடித்தாள். அவன் மேலே வந்து விழுந்ததும் அல் அமீன் ஏணியை உருவினான்.

"வர்றவுகளுக்கு மட்டும் வேற மூக்கா? அவுகளும் எறங்க மாட்டாக" என்றாள் அமலராணி. "புதுசா எருவும் சாணியும் போட்டுப் பூச்சி வளரணும். மூச்சுக்கு மாஸ்க்கு வரணும். அதுவரைக்கும் இந்தத் தொட்டியில யாரும் எறங்கக் கூடாது."

"யாரு சொல்றது? நீயா?"

அமலராணி தொட்டி வாயை மறித்து நின்றாள்.  வெளியே கொக்கிகள் கீழே விழும் சத்தம் கேட்டது. பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த சுண்ணாம்புக் குழிக்காரர்கள் பதினெட்டுப் பேரும் கையில் சுண்ணாம்புத் தண்ணீர் ஒழுக வந்து முதலாளியின் பின்னால் நின்றார்கள்.  அவர்களுக்கும் முகத்தில் பயம்தான். ஆனாலும் ஒருவர்கூடக் குழிக்குத் திரும்பவில்லை.

பொன்னுச்சாமி திரும்பிப் பார்த்து, ஓரடி விலகினார். "ஆட்டோ வரட்டும். பாத்துக்கிறேன்."

"வரட்டும். அவுக கிட்டயும் சொல்லுவோம்" என்றான் அல் அமீன்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கேட்டுக்கு அப்பால் எங்கோ ஆட்டோ ஒன்று உறுமியது. கடைசியாக நாச்சிமுத்து ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இருமியபடி வந்தான். அமலராணி அவனுக்குப் பின்னால் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துப் பூட்டினாள்.