போதும் மாமா

துணை விமானி ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். எதிரே விசாரணை அதிகாரி அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம்தான் துடைப்பாரோ!

போன வாரம் அடைமழையில் இறங்கிய விமானம், ஓடுபாதையில் பாதியைத் தாண்டித்தான் தரையைத் தொட்டது. பிரேக் போட்டும் நிற்காமல் வழுக்கி, பாதை முடிந்து, சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டது. நல்லவேளை, உயிருக்குச் சேதமில்லை. ஓட்டிய கேப்டன் அவனுடைய மாமனார். மாமனாரையும் மருமகனையும் ஒரே விமானத்தில் உட்கார வைத்த மகராசன் யாரோ, அவனைச் சொல்ல வேண்டும்.

“மறுபடி மேல கிளம்பிடலாம்னு கத்தினேன், அவர் கேக்கல” என்று இவன் வாக்குமூலம் கொடுத்திருந்தான். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை என்று அவர் சாதித்தார். இவன் சொல்வது நிஜமானால் அவருடைய லைசென்ஸ் போனது போனதுதான். மனைவி காலையில்கூட அழுதாள். “நீங்க பொய்யா, அப்பா பொய்யா? யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைங்களேன்!”

சக்கரத் தடத்தை அளந்தாயிற்று, பிரேக்கைக் கழற்றிப் பார்த்தாயிற்று, பழுது ஒன்றுமில்லை. மிச்சம் விமானி அறையில் பதிவான குரல்கள்தான்.

அதிகாரி பொத்தானை அழுத்தினார். மழை கண்ணாடியில் அறையும் சத்தம், வைப்பர் சத்தம். கத்தல் வரும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தான். வரவில்லை. நடுவில் யாரோ முனகினார்கள்.

“இது உங்க குரல்தானே?”

மறுபடி போட்டார். ‘மாமா... மேல போயிடலாமா?’

அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ‘போதும் மாமா’ என்பானே, அதே குரல். அதைக் கேட்டு அந்த வீட்டில் யாரும் கரண்டியை நிறுத்தியதில்லை. நெஞ்சுக்குள் கத்தியதை வாய்விட்டுக் கத்தியதாகவே இத்தனை நாள் நம்பியிருக்கிறான், பாவி.

“என்னுதுதான் மேடம்.”

“சரி, வெளிய இருங்க. அடுத்து அவருக்குப் போட்டுக் காட்டணும்.”

வாசலில் மாமனார், விபத்தில் அடிபட்ட காலுக்கு ஊன்றுகோலோடு நின்றிருந்தார். இவன் கை தானாகவே கதவைத் திறந்து பிடித்தது. அவர் முகம் பார்க்காமல் உள்ளே போனார்.

பெஞ்சிலிருந்து மனைவி எழுந்து ஓடி வந்தாள். “என்னாச்சு? கத்தினீங்கதானே?”

அவளிடமாவது உண்மையை உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று மூச்சை இழுத்துக்கொண்டான். சொன்னான்.

“என்ன? காதுலயே விழல. கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்.”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமனார் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு குனிந்திருந்தார். பிறகு ஒரு கையை எடுத்து, சத்தத்தை இன்னும் கூட்டுங்கள் என்று அதிகாரிக்கு விரலை உயர்த்திக் காட்டினார். அந்த அம்மாள் கூட்டினார். விரல் இறங்கவில்லை.