அட்டைக்கு உரியவர்

அப்பா டாக்டர்களிடம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் உண்மை சொன்னார். அவரைச் சொல்ல வைத்தது கார்மன் அத்தை.

அதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மறைக்கிற வித்தைதான். நிலக்கரிச் சுரங்கத்தில் சில வருஷங்களுக்கு ஒரு முறை மெடிக்கல் வரும். அதில் பாஸ் ஆகாதவனுக்குக் கீழே இறங்க அனுமதி இல்லை. அதனால் எங்கள் மெக்காய் ஊரிலிருந்து சுரங்கத்துக்குப் போன ஆண்கள் எல்லோரும் அந்த வித்தையைக் கற்றிருந்தார்கள். காலையில் கறுப்புக் காப்பியைச் சூடு ஆறாமல் குடிக்க வேண்டும். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து இருமித் தீர்க்க வேண்டும். கரிச் சளி துப்பிய கைக்குட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டு, தொப்பியை நேராக்கி, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டபடி உள்ளே போக வேண்டும்.

“மூச்சு வாங்குதா?”

“இல்ல.”

“இருமல்?”

“சிகரெட் பிடிச்சா மட்டும்.”

அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

கடைசியில் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. நுரையீரல் பூராவும் கரித்தூசி படிந்து, தழும்பாகிக் கெட்டிப்பட்டிருந்தது. வேலை போயிற்று. ஆனால் ஆள் என்னவோ அப்படியேதான் இருந்தார். கதவை அடைக்கிற தோள். பார்த்தால் கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார் என்று தோன்றும். குளியலறையிலிருந்து சமையலறைக்கு வந்தால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பேச்சு திரும்ப நேரமாகும். கரும்புத் தோட்டங்களில் அறுவடைக்காகத் தீ வைக்கிற மாதங்களில், புகைக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே மாட்டோம்.

அம்மா அதற்கு முன்பே டவுன்ஸ்வில்லுக்கு வேறொருவரோடு போய்விட்டாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லிக்கொண்டோம். பள்ளிக்கூடத்திலும் யாரும் வந்து தேடவில்லை.

அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். துறைமுகத்தில் பாறைகளைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கிற அலைத்தடுப்பில் உட்கார்ந்து தூண்டில் போட வேண்டும். சிறுவயதிலிருந்து போகிற இடம். எல்லோரும் வண்டி விடுகிற மைதானம் கீழே தூரத்தில் இருந்தது. அங்கிருந்து அவரால் ஏற முடியாது. ஆனால் அலைத்தடுப்பு தொடங்குகிற இடத்தை ஒட்டி, சக்கர நாற்காலி வரைந்த இரண்டு கட்டங்கள் இருந்தன. நடக்க முடியாதவர்களுக்குக் கொடுக்கிற நீல அட்டை கிடைத்துவிட்டால் அங்கே நிறுத்திவிட்டு, பக்கத்துப் பாறையில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம்.

“ப்ரோடி கூட்டிட்டுப் போகமாட்டானா?” என்று கேட்டேன். ப்ரோடி அத்தையின் மகன்.

“ஒருத்தன் கூட்டிட்டுப் போயி, ஒருத்தன் உக்கார வெச்சு... அதுக்குப் பேரு மீன் பிடிக்கிறது இல்ல கண்ணு. நானே போகணும். நானே வரணும்.”

அட்டைக்கு டாக்டர் சான்று எழுதித் தர வேண்டும். முதல் தடவை அப்பா தனியாகப் போனார். தொப்பியை நேராக்கிக்கொண்டு போயிருப்பார். “எப்படி இருக்கீங்க?” என்று டாக்டர் கேட்டிருக்கிறார். “நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அப்பா வந்துவிட்டார். அட்டையைப் பற்றிப் பேசவே இல்லையாம்.

செய்தி கேட்டு அத்தை, பாலாடைக்கட்டி வைத்த பஸ்திட்ஸி ஒரு தட்டு நிறையச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

“டேய் லேலி, உன் வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா? செத்துப் போயி பெட்டியில வெச்சாலும் ‘சும்மா கண்ணசந்தேன்’னு சொல்றவன்டா நீ. இந்தத் தடவை நான் வரேன்.”

“நீ எதுக்கு?”

“நீ பொய் சொன்னா தொடையில கிள்ளறதுக்கு. நல்ல நாளைச் சொல்லாதே. இருக்கறதுலேயே மோசமான நாளைச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு.”

கூட வந்த ப்ரோடி வாய் நிறைய மென்றபடி, “உள்ள போறப்ப கொஞ்சம் நொண்டு மாமா” என்றான்.

“நுரையீரல் கெட்டவன் எதுக்குடா நொண்டணும்?”

“அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு எஃபெக்டுதான்.”

நானும் கூடப் போனேன். டாக்டர் இளம்பெண், ஊருக்குப் புதிது. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முதலில் “பரவாயில்ல” என்றார். அத்தை கிள்ளினாள். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். துணி காயப்போடுகிற கயிறுவரை போக முடியவில்லை. படுத்துத் தூங்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்குகிறேன். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். அத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்த வாய். சொல்லச் சொல்ல, முகம்கூடக் கொஞ்சம் இளகியது.

“இருமல் பலமா வந்தா சில சமயம் விளக்கு அணைஞ்ச மாதிரி ஆயிடும்.”

“மயக்கமா?”

“கொஞ்ச நேரந்தான். கண்ணைத் திறந்தா தரையில கிடப்பேன்.”

“எல்லாத்தையும் சொல்லுடா” என்றாள் அத்தை.

“ஒரு தடவை வண்டியில. சிக்னல்ல நின்னிருந்தேன். பின்னாடி இருந்தவன் ஹாரன் அடிச்சு எழுப்பினான்.” சிரித்தார். “நல்லவேளை, சிவப்பு விழுந்திருந்துச்சு.”

டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

அவள் நல்லவள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் சொன்னாள். “நீங்க மறைக்காம சொன்னது நல்லது. அட்டைக்கு எழுதித் தரேன், கண்டிப்பா கிடைக்கும். ஆனா இந்த நிமிஷத்திலேருந்து நீங்க வண்டி ஓட்டக் கூடாது. லைசன்ஸ் கொடுக்கறவங்களுக்கு நான் தெரிவிச்சாகணும்.”

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

“பொய் சொன்னேன்” என்றார். “வண்டியில மயக்கம் வரல. தூங்கிட்டேன்.”

“லேலி...”

“ராத்திரி சரியாத் தூங்கல டாக்டர். அவ்வளவுதான்.”

டாக்டர் மறுபடி எழுத ஆரம்பித்தாள். அத்தைதான் கேட்டாள்.

“அப்ப அட்டை?”

“அட்டை ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்ல. யாரு ஓட்டினாலும் சரி, அட்டைக்கு உரியவர் கூட வந்தாப் போதும்.”

“யாரு வண்டின்னாலும்?”

“யாரு வண்டின்னாலும்.”

அத்தை கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள்.

லைசன்ஸ் பறிபோன அதே வாரம் அட்டை வந்தது. அப்பா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். லைசன்ஸ் இல்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கக் கூடாது என்பதால் அதுவும் பாதியில் நின்றது. “சும்மா நின்னா பாட்டரி செத்துடும்டா” என்று சொல்லி, அப்பாவின் யூட் வண்டியை ப்ரோடி எடுத்துக்கொண்டு போனான். பின்பக்கத் தொட்டியில் தூண்டில்கள் கிடந்தன. அவையும் சேர்ந்து போயின.

அதுவரை கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் எட்டிப் பார்த்தவர்கள், இப்போது அப்பாவுக்காகச் சண்டை போட்டார்கள்.

“சனிக்கிழமை எனக்கு வேணும்மா, ரக்பி மேட்ச் இருக்கு.”

“போன சனி நீதானேடா வெச்சிருந்தே? நான் கடைக்குப் போகணும்.”

“காலையில நீ எடுத்துக்கோ. மத்தியானம் எனக்குக் குடு.”

அப்பா அவர்கள் நடுவில்தான் உட்கார்ந்திருப்பார். நுழைவுச் சீட்டு மாதிரி என்று, ப்ரோடி அவருக்குப் ‘பாஸ் மாமா’ என்று பெயர் வைத்தான். ரக்பி மைதான வாசலில் நண்பர்களைப் பார்த்தால் கண்ணாடியை இறக்கி, “பாஸ் மாமா வந்தாச்சு! ஏறுங்கடா!” என்பான். அப்பாவின் மடியில் அட்டையை வைத்து ஒருவன் படம்கூட எடுத்தான்.

மற்றவர்கள் உள்ளே போவார்கள். அப்பா வண்டியில் இருப்பார். கூட நான் இருப்பேன். ஏசி போட்டால் பெட்ரோல் போகிறது என்று கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடைகளில் தள்ளுபடி. வெயில் வண்டியின் கூரையைச் சுட்டது. அத்தை போய் வெகுநேரமாகியும் வரவில்லை. ஊன்றுகோல் வைத்த ஒரு கிழவி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“உடம்பைப் பாரு, காளை மாடாட்டம். வெட்கமா இல்ல உனக்கு?”

அப்பா அட்டையைக் காட்டினார்.

“யாருதுடா அது? உங்கம்மாவுதா?”

அவர் பதில் சொல்ல முயன்றார். மூச்சு வரவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்நியர்கள் முன் எனக்கு நாக்கு எழாது. கிழவி, “ஊமையா ரெண்டும்?” என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தை மூன்று பைகளோடு வந்து, “என்னடா இப்படி வேர்த்திருக்கே, சீட்டெல்லாம் நனைஞ்சு போச்சு” என்றாள்.

வஞ்சிரம் வரத்தொடங்கிய குளிர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு ப்ரோடி வந்தான். “மாமா, இன்னைக்கு உன் இடத்துக்குத்தான் போறோம்.”

அப்பா ஓடுகிற மாதிரிதான் சட்டை மாற்றினார். பொத்தான் போட்டு முடிப்பதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தார். மடக்கு நாற்காலியை நான் எடுத்துக்கொண்டேன்.

சக்கர நாற்காலிக் கட்டத்தில் யூட்டை நிறுத்தி, அட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு ப்ரோடி இறங்கினான். பின்னாலிருந்து அப்பாவின் தூண்டில்கள், பனிக்கட்டிப் பெட்டி, அவற்றை இழுத்துப் போகிற சின்னக் கைவண்டி எல்லாம் இறங்கின. இரண்டு நண்பர்கள் அங்கே காத்திருந்தார்கள்.

அப்பா கதவைத் திறந்தார்.

“நீ எங்க வரே?” என்றான் ப்ரோடி. “காத்து பலமா அடிக்குது. இருமல் வந்து விழுந்தா அம்மா என்னைக் கொன்னுடும். இங்கிருந்தே பாரு, கடல் நல்லாத் தெரியுது.”

“பக்கத்துலதான் உக்காருவேன்டா. இந்தப் பாறையில.”

“அங்க வேற ஆளு நிக்குது பாரு. உக்காரு மாமா. மீன் கிடைச்சா உனக்கும் ஒண்ணு.”

கதவைச் சாத்திவிட்டுப் போனான். கைவண்டியின் சக்கரம் கற்களில் தடதடத்தது. அப்பா கண்ணாடி வழியாகத் தன் தூண்டில்கள் போவதைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் பார்க்கிங் பார்க்கிற ஆள் வந்தார். கையில் குறிப்பேடும் பேனாவும். குனிந்து எங்களைப் பார்த்தார்.

“யார் ஓட்டிட்டு வந்தது?”

நான் அலைத்தடுப்பைக் காட்டினேன். அவர் குரல் கொடுத்தார். ப்ரோடி முணுமுணுத்தபடி வந்தான்.

“அட்டைக்கு உரியவர் இறங்காம வண்டியிலேயே இருந்தா, இந்தக் கட்டம் உங்களுக்கு இல்ல தம்பி. அவருக்கு இடம் கிட்ட இருக்கணும்னு குடுத்தது. உங்க பெட்டிக்கு இல்ல.”

“இறங்கப் போறாரு சார். இப்பத்தான். மாமா, இறங்கு, இறங்கு.” கதவைத் திறந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான். காதருகே குனிந்து, “ரெண்டு அடி வெச்சுக் காட்டு. நல்லா இருமிக் காட்டு” என்றான்.

அப்பா இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆளின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

பிறகு வண்டிக்குள் குனிந்து, கைக்குட்டைக்குள் இருமினார். ஆழமாக, கடைசித் துளிவரை. கைக்குட்டையை இருக்கையில் போட்டார். தொப்பியை நேராக்கினார். வாயை மூடிக்கொண்டார்.

நடந்தார்.

தோள் விரிய, கையை வீசிக்கொண்டு, ஷிஃப்டுக்குப் போகிற ஆள் மாதிரி நடந்தார். பக்கத்துப் பாறையைத் தாண்டினார். அங்கே நின்ற ஆளைப் பார்த்துத் தலையசைத்தார். ப்ரோடியின் நண்பர்களைத் தாண்டும்போது தன் தூண்டில்களில் ஒன்றை ஒருவன் கையிலிருந்து உருவிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல், அலைத்தடுப்பு வளைகிற இடத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்.

“மாமா!” என்று ப்ரோடி கத்தினான். “போதும்! மாமா!”

பார்க்கிங் ஆள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ அவர் பொண்ணா?”

தலையசைத்தேன்.

“எப்பவும் இப்படித்தான் நடப்பாரா?”

ப்ரோடி என்னை முறைத்தான். “சொல்லுடி. நடக்க முடியாதுன்னு சொல்லு.”

இருக்கையில் கிடந்த கைக்குட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தேன். அதற்குள் அப்பா வளைவைத் தொட்டிருந்தார். தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

“ஆமா” என்றேன். “தினமும் நடப்பாரு.”

அந்த ஆள் அட்டையின் எண்ணை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, வளைவுக்கு அப்பால் அப்பா இரண்டு பாறைகளுக்கு நடுவில் கிடந்தார். உதடு ஊதா நிறமாக இருந்தது. தூண்டிலை விடவில்லை, முள்ளில் இரை கோக்கவே இல்லை. ப்ரோடியும் நண்பர்களும் பனிக்கட்டிப் பெட்டியை இறக்கிவிட்டு, அவரைக் கைவண்டியில் மடக்கி உட்காரவைத்து இழுத்து வந்தார்கள். சக்கரம் சின்னது. ஒவ்வொரு கல்லுக்கும் அவர் தலை ஆடியது. மீன்பிடிக்க வந்தவர்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். ஒருவன், “பெரிய மீனாத்தான் மாட்டியிருக்கு” என்றான். சிரித்தார்கள்.

வண்டிக்கு வந்த பிறகுதான் அப்பாவுக்கு ஒரு வாக்கியத்துக்கான மூச்சு கிடைத்தது. என்னிடம் கேட்டார்.

“பாஸா?”

“பாஸ்.”

அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லியும், வேண்டுமானால் புதிய மருத்துவச் சான்றோடு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் கடிதம் வந்தது. அத்தை வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக் கத்தினாள். “பொறந்ததுலேருந்து வாயைத் திறக்காத ஊமைக்கொட்டான், ஒரே ஒரு நாள் திறந்துச்சு, குடியைக் கெடுத்துச்சு!” அப்பாவைப் பார்த்து, “நீயும் உன் திமிரும் சேர்ந்து கிடங்க” என்றாள். பஸ்திட்ஸித் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

“டாக்டர்கிட்ட மறுபடி போகலாமா?” என்று அப்பாவிடம் கேட்டேன்.

“எதுக்கு? நல்லா இருக்கேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எங்கள் தெரு வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போக வேண்டும். ப்ரோடி யூட்டில் வந்தான். பின்னால் தூண்டில்கள் ஆடின. அப்பா கையைத் தூக்கினார். அவன் ஹாரன் அடித்துவிட்டு, நிறுத்தாமல் போனான்.