அப்புறத்தார்

சாப்பாட்டு மேசை திங்கட்கிழமை காலையில் வந்தது. அதைத் தூக்கி வந்த இரண்டு பேரும் நான்காவது மாடிக்கு ஏறுவதற்குள், அந்தக் கட்டடத்தைக் கட்டியவனில் தொடங்கி அதில் குடியிருப்பவர்கள் வரை ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

"இவ்ளோ பெரிய பில்டிங்ல ஒரு லிஃப்ட் கூடவா வைக்கல?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் மூத்தவர்.

"இல்லப்பா," என்றார் மேசையை வாங்கியவர். ஊரில் பாதி லிஃப்ட்டுகளைப் பழுது பார்த்த கை அவருடையது. லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு வாடகை குறைவு என்றுதான் பதினெட்டு வருஷமாக அங்கேயே இருந்தார். அதைச் சொல்லி மேசைக்காரர்களின் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொள்வானேன் என்று காசை மட்டும் எண்ணிக் கொடுத்தார்.

அவர் மனைவிக்குப் பல் கட்டும் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செட் செய்வாள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் பல்லுக்காரம்மா. வேலை என்று இனிச் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமையோடு இருவருமே வேலையை விட்டாயிற்று. அவருக்கு நாற்பத்தாறு வயது, அவளுக்கு நாற்பத்து மூன்று.

கல்யாணமான புதிதில் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னவர் அவர்தான். ஒரு வருஷச் செலவைப் போல இருபத்தைந்து மடங்கு சேர்த்துச் சரியான இடத்தில் போட்டுவிட்டால், யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். முட்டி தேய்வதற்குள் அவர் நின்றுவிடலாம், பல் வார்க்கும் பிளாஸ்டர் தூசு நெஞ்சில் இறங்குவதற்குள் அவள் நின்றுவிடலாம். அவளும் சந்தோஷமாகத்தான் சரி என்றாள். இதில் யாரும் யார் தலையிலும் எதையும் கட்டவில்லை.

அவள் முதன்முதலில் கேட்டது ஒரு சாப்பாட்டு மேசை. கட்டில் விளிம்பில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சாப்பிடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. "எதிரெதிரா உக்காந்து, பேசிக்கிட்டே சாப்பிடணுங்க," என்றாள். அவர் அறையை அளந்து பார்த்தார், விலையை விசாரித்தார். "அப்புறம் வாங்கலாம்," என்றார்.

அதற்குப் பிறகு எல்லாமே அப்புறம்தான். நல்ல செருப்பு, மலைப்பக்கம் ஒரு வாரம், தங்கை வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்குவது. இந்த வார்த்தை அவர்கள் வாயில் புழங்கிப் புழங்கி, கடைசியில் ஒரு சொந்தக்காரராகவே ஆகிவிட்டது. "அப்புறத்தார் வந்து வாங்கித் தருவார்," என்பார் அவர். "உங்க அப்புறத்தார் எந்த ஊர்ல இருக்காரு? நொண்டிக்கிட்டே வர்றாரா?" என்பாள் அவள். பிள்ளை விஷயத்தையும் ஒரு நாள் அப்புறத்தார் தலையில் கட்டினார்கள். கேலி பேசிக்கொண்டே கட்டினார்கள். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

சம்பளம் கொஞ்சம் கூட வரும் என்று அவர் இரவு வேலைக்கு மாறினார். அவள் கிளம்பும் நேரத்தில் அவர் படியேறி வருவார். சாவி கை மாறும். ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் தூங்கவே நேரம் போதாது. ஆகவே பேச்சு என்பது ஃபோனில்தான், அவளுடைய சாப்பாட்டு இடைவேளையில். அவர் தூங்கி எழுந்து கூப்பிடுவார். பழைய ஓட்டைப் பல்லைப் போலவே புதுப் பல்லிலும் சந்து வேண்டும், இல்லாவிட்டால் விசில் வராது என்று அடம்பிடித்த கிழவரைப் பற்றி இவள் சொல்வாள். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு, பயத்தை மறைக்க மேலதிகாரியைப் பற்றிய உண்மையை எல்லாம் உளறிக் கொட்டிய ஆபீஸ்காரரைப் பற்றி அவர் சொல்வார். பேச்சு ஓய்ந்ததும் அவர் "அப்புறம்?" என்பார். "நீங்கதான் சொல்லணும்," என்பாள். "வேற ஒண்ணுமில்ல." "சரி, அப்ப வச்சிடட்டுமா?" "ம், வச்சிடு."

போன மாதம் அந்த இருபத்தைந்து மடங்கு சேர்ந்துவிட்டது. அவர் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிருச்சு," என்றார். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷம் கொஞ்சம் தாமதமாக வரும்போல என்று காத்திருந்தாள். ஊசி போட்ட ஈறை நாக்கால் தடவிப் பார்ப்பது போல அடிக்கடி மனசைத் தொட்டுப் பார்த்தாள். மரத்துத்தான் கிடந்தது. வெள்ளிக்கிழமை லேபில் எல்லோரும் கைதட்டியபோதும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கை கழுவினாள், தூங்கினாள்.

அன்றைக்குக் கிளம்பும்போது லேபின் முதலாளியம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "பாதி நாள் மட்டும் வாங்களேன். உங்க கைக்கு ஈடா எனக்கு ஆள் கிடைக்காது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா வேற ஆள் போட்டுடுவேன்."

அவள் அதைக் கணவரிடம் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வெளியே வந்துவிட்டு, மறுநாளே திரும்பப் போகிறேன் என்றால் அவர் முகம் என்ன ஆகும்? சனி ஞாயிறு இரண்டு நாளும் ஒரே அறையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே நடந்தார்கள். ஓட்டல் அறையில் தெரியாத ஆளோடு தங்கினால் காட்டும் மரியாதை அது. அவளுக்குப் பயமாக இருந்தது. கணக்கு முடிந்ததும் தங்களுக்குள்ளும் எல்லாம் முடிந்துவிட்டதோ என்கிற பயம். மரத்துப்போன மனசில் அது ஒன்றுதான் உறைத்தது.

மேசை வரட்டும், பார்க்கலாம் என்று தனக்குள் ஒரு முடிவு செய்தாள். அன்றைக்குக் கேட்டது போல எதிரெதிராக உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டால், முதலாளியம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவது.

மேசை நன்றாகத்தான் இருந்தது. மதியம் தட்டுகளை வைத்தாள். எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அவர் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. காதோரம் நரைத்திருந்தது. அவரும் அவளைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார்.

"மேசை பரவால்ல," என்றார்.

"ஒரு கால் ஆடுது."

"பாக்கறேன்."

தண்ணீர் குடித்தார்கள். கீழே தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுத்தார்கள். அது முழுக்கப் பின்னால் போய் நிற்கும் வரை இருவரும் கவனமாகக் கேட்டார்கள். என்ன சொல்லலாம் என்று அவள் தேடினாள். அன்றைக்கு அவள் பார்த்ததெல்லாம் அவரும் பார்த்தது, அவள் தின்றதெல்லாம் அவரும் தின்றது.

"அப்புறம்?" என்றார் அவர்.

"நீங்கதான் சொல்லணும்."

"வேற ஒண்ணுமில்ல."

"சரி, அப்ப வச்சிடட்டுமா?" என்றாள்.

"ம், வச்சிடு."

சொன்ன பிறகுதான் இருவர் காதிலும் அது விழுந்தது. சிரித்திருக்கலாம். இதே அசட்டுத்தனத்தை வேறு யாராவது செய்திருந்தால், ஃபோனில் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்பார்கள். அவர் எழுந்து தட்டைக் கழுவி வைத்தார். "காலுக்கு ரப்பர் வாங்கிட்டு வர்றேன்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவள் கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அழுகை வந்தால் தேவலை என்று இருந்தது. அதுவும் வரவில்லை.

முதலாளியம்மாவின் நம்பரைத் தேடிக் கையில் ஃபோனை எடுத்தபோது அது அடித்தது. அவர்தான்.

"சாப்டியா?" என்றார்.

"சாப்டேன். நீங்க?"

"சாப்டேன்," என்றார். "இங்க ரப்பர் கடைக்கு எதிர்ல ஒரு லிஃப்ட். தரையோட சேராம ஒரு சாண் கீழ போய் நிக்குது. ஒரு மாமா அதுக்குள்ள இறங்கறாரு பாரு, ஆத்துல கால் வைக்கிற மாதிரி வேட்டிய தூக்கிப் பிடிச்சிக்கிட்டு."

அவளுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. "நீங்க போய்ச் சரி பண்ண வேண்டியதுதானே?"

"கை துறுதுறுங்குது. யாரு கூப்பிட்டா?" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ராத்திரி எல்லாம் தூக்கமே வரலடி. உன்னை எழுப்பலாமான்னு பாத்தேன். எழுப்பி என்ன சொல்றதுன்னு தெரியல," என்றார்.

"நானும் முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன்," என்றாள். அப்புறம், மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல முடியாததை ஒரே மூச்சில் சொன்னாள். பாதி நாள் வேலை, இன்றைக்குச் சாயங்காலம் கெடு, காசுக்காக இல்லை.

சொல்லி முடித்ததும் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கோவமா?"

"இல்ல. போயிட்டு வா," என்றார். "சாப்பாட்டு நேரத்துல கூப்பிடறேன்."

அவள் குனிந்து மேசையின் ஆடும் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் படியேறத் தொடங்கியிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, ரப்பர் கடைக்காரர் ஒரு காலுக்கு மட்டும் தர மாட்டேன், நாலாகத்தான் விற்பேன் என்று அழிச்சாட்டியம் பண்ணியதைச் சொன்னார். செருப்புச் சத்தம் முதலில் ஃபோனில் கேட்டது, பிறகு படிக்கட்டிலும் கேட்டது, பிறகு கதவுக்கு வெளியே வந்து நின்றது.

அவர் கதவைத் தட்டவில்லை. அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது ஃபோன் இல்லாமலே கேட்டது. திறந்தால் அவர் உள்ளே வருவார், ரப்பரை மாட்டுவார், மேசை ஆடாது, மறுபடி எதிரெதிராக உட்கார்ந்து தட்டைப் பார்க்க வேண்டும். கையை எடுத்துவிட்டுக் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த விசில் கிழவரு மறுபடியும் வந்திருந்தாருங்க, வெள்ளிக்கிழமை," என்றாள் ஃபோனில்.

கதவுக்கு வெளியே அவரும் உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்புறம்?" என்றார்.