நாலு மூலை

என் நாத்தனாரை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டது நான்தான். அங்கே நான் மேற்பார்வையாளர். மேலாளரின் கையைக் காலைப் பிடித்து வாங்கிக் கொடுத்த வேலை. கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள், சொந்தச் சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் நிமிர்ந்து நடந்தாள். அந்த ஒன்றுக்காகத்தான் அவளைப் பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலின் பலிபீடத் துணிகளைத் துவைப்பதும் அவள்தான். புனிதமான நற்கருணை அப்பத்தின் துகள் ஒட்டியிருக்கலாம் என்பதால், முதலில் அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்றுவார்கள். அது சரி. அதோடு விட்டிருக்கலாம். போன ஞாயிறு பங்குச் சாமியார் பிரசங்கத்தில், "நீங்க வேலை செய்யுற மேசையும் பலிபீடம்தான்" என்று சொல்லித் தொலைத்தார்.

திங்கட்கிழமை காலை, நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை வாளியில் அலசி, அந்தத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் ரோஜாச் செடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள் என் நாத்தனார்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அதுல ரத்தம், சீழ், உலகத்துல உள்ள கிருமியெல்லாம் இருக்கு!"

"ஃபாதர் சொன்னாருல்ல அண்ணி?"

"ஃபாதரா வந்து இங்க துவைக்கப் போறாரு?"

மேலாளர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "இன்னொரு கூத்து நடந்துச்சுன்னா, அவங்களுக்கு வேலை இல்ல" என்றார் என்னிடம். அன்று மாலையே சாமியாரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் தலையைச் சொறிந்தார். "வேலையைக் கவனமா செய்யுங்கன்னுதாம்மா சொன்னேன்" என்றார். அதையே அவளைக் கூப்பிட்டும் சொன்னார். வாளி நின்றது.

ஆனால் கவனம் என்று சொல்லிவிட்டாரே! மறுநாள் அவள் கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அழுக்கு விரிப்பையும் மேசையில் வைத்து, நாலு மூலையையும் பிடித்து மெதுவாகத் திறந்து, உள்ளே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். துகள் சிந்திவிடக் கூடாதென்று பலிபீடத் துணியை அப்படித்தான் திறப்பார்களாம். இயந்திரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, மூட்டைகள் மலையாகக் குவிகின்றன, இவள் பூசை வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த விரிப்பைப் பிடுங்கி இயந்திரத்தில் திணிக்கப் போனேன். அவள் விடவில்லை.

"இதை இன்னும் பாக்கல அண்ணி."

"விடுடி! வேலை போயிடும்!"

அவள் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, மடிப்பிலிருந்து ஏதோ விழுந்து தரையில் உருண்டது. கடலையளவு காது மெஷின்.

மேலாளர் அதைத் தேடித்தான் வந்திருந்தார். மேலே ஒரு பெரியவர் காலையிலிருந்து மனைவி பேசுவது கேட்காமல் அழுதுகொண்டிருந்தாராம். வாங்கிக்கொண்டு ஓடினார். அவ்வளவு அவசரத்திலும் படியில் நின்று, "இனிமே எல்லாருமே இப்படிப் பாத்துட்டுப் போடுங்க" என்றார்.

எல்லாருமே! சம்பளம் ஏறவில்லை, வேலை மட்டும் ஏறிவிட்டது. மற்ற பெண்கள் என்னை முறைத்தார்கள், ஏதோ நான் பிரசங்கம் வைத்தது மாதிரி.

எரிச்சலோடு அடுத்த விரிப்பை எடுத்தேன். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால், அந்தப் பெரியவரின் காதை நானே கொதிக்கிற தண்ணீரில் போட்டிருப்பேன். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"அப்படி உதறாதீங்க அண்ணி. நாலு மூலையையும் பிடிச்சு, மெதுவா."

"எனக்குத் தெரியும்! நான்தான் இங்க மேற்பார்வை!"

சொல்லிவிட்டு, நாலு மூலையையும் பிடித்து மெதுவாகத் திறந்தேன்.