எடுக்காத ட்யூப்

ஊருக்கெல்லாம் அடைப்பு எடுக்கிற பிளம்பருக்கு, சிறுநீரகத்திலிருந்து கீழே இறங்கும் குழாயிலேயே அடைப்பு என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? எட்டு மாதம் முன்பு அவரும் சிரித்தார். டாக்டர் வயிற்றைக் கிழிக்கவில்லை. சிறுநீர் வருகிற வழியாகவே கருவியை விட்டு, சுருங்கிய இடத்தைச் சின்ன பலூனால் விரித்து, மெல்லிய ட்யூப் ஒன்றை உள்ளே வைத்தார்.

"ஆறு வாரத்துல வந்து இதை எடுத்துக்கணும். மறந்துடாதீங்க."

"பைப்பு விஷயம் எனக்கேவா டாக்டர்?"

வலி போனது. ஓடிக்கொண்டிருக்கும் லைனை நோண்டக் கூடாது என்பது அவர் தொழிலில் எழுதாத சட்டம். உண்மையைச் சொன்னால், அந்தக் கருவி மறுபடியும் அதே வழியாக உள்ளே போகும் என்பதில்தான் மனிதருக்குப் பயம். சொன்ன தேதியில் கிளம்பி மருத்துவமனை வாசல் வரை போனார். எதிரே பஸ் ஸ்டாப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்.

"எடுத்தாச்சு" என்றார் மனைவியிடம்.

பாவம், நம்பினாள். ஒரு வாரம் அவரைக் குனியவிடவில்லை. அவருடைய கருவிப் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போன வீடுகளிலெல்லாம் மூச்சு வாங்க மாடி ஏறினாள்.

இப்போது காய்ச்சல், விலாவில் குடைச்சல். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். ட்யூப் நெடுக வெள்ளையாக உப்பு படிந்து இறுகியிருந்தது. உப்புத் தண்ணீர் ஓடும் ஹீட்டர்களில் பிளம்பர் ஆயிரம் முறை பார்த்ததுதான். அப்படிப்பட்ட குழாயை அவர் அறுத்துத் தூக்கிப் போடுவாரே தவிர, சரிசெய்ததில்லை.

"இதை ஏன் எடுக்கலை?"

மனைவி முந்திக்கொண்டாள். "எடுத்தாச்சே டாக்டர்! அன்னைக்கே வந்து எடுத்துட்டுப் போனாரே. நீங்க வேற யாரோட படத்தையோ பாக்குறீங்க."

டாக்டர் பிளம்பரைப் பார்த்தார். பிளம்பர் தரையைப் பார்த்தார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"லேசரால உடைச்சு எடுக்கப் பாக்குறேன்," என்றார் டாக்டர். "ஒரே தடவையில முடியாது. அந்தக் கிட்னி பிழைக்குமான்னு இப்பவே சொல்லவும் முடியாது."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். சம்மதப் படிவத்தை வாங்கி, காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எடுத்ததும் அதை எங்கிட்ட காட்டுங்க டாக்டர். இவர் சொன்னா இனிமே நான் நம்பமாட்டேன்."